‘மரம் படிக்கப் போறாளாம்!’

டோர்வலில் எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே ஓர் ஆஷ் மரம் நிற்கிறது. ஒரு ஜூலை மாதக் காலையில், வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன். மஞ்சள் அங்கி போட்ட இரண்டு பேர் மரத்தின் அடியில் சுற்றிலும் துளை போட்டு, சின்னச் சின்ன மருந்துக் குப்பிகளைச் செருகிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுவார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி. காபி கப்போடு வெளியே போய், என்ன மருந்து என்று கேட்டேன்.

“ட்ரீஅசின்” என்றார் ஒருவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீம்... உங்க இந்தியா மரம்தான்” என்று சேர்த்துக்கொண்டார்.

வேப்பங்கொட்டை! சின்ன வயதில் லீவுக்குப் பாட்டி ஊருக்குப் போனால், மரத்தடியில் வேப்பங்கொட்டை பொறுக்கி வியாபாரியிடம் போட்டு, கிடைக்கிற காசுக்குக் குச்சி ஐஸ் வாங்கித் தின்ற ஆள் நான். அந்தக் கொட்டையின் சாறு, பனி கொட்டும் ஊரில் ஒரு மரத்தின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எமரால்டு ஆஷ் போரர் என்று ஒரு வண்டு. பார்க்க மரகதப் பச்சையில் அழகாக, விரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. வட அமெரிக்காவில் 2002இல் டெட்ராய்ட் பக்கமும், எல்லை தாண்டி விண்ட்சரிலும் கண்டுபிடித்தார்கள். 2011இல் மாண்ட்ரியல் தீவுக்கு வந்துவிட்டது. இதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து சுரங்கம் தோண்டும். இலையிலிருந்து வேருக்குச் சாப்பாடு போகிற பாதையை அறுத்துவிடும். சில ஆண்டுகளில் மரம் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இப்படிப் போய்விட்டன. நகரங்களில் மிச்சம் இருப்பவற்றில் பல, இந்த ஊசி மருந்தால்தான் நிற்கின்றன. அதுவும் ஒரு தடவை போட்டால் தீராது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும்.

ஊசி போட முடிந்தது எங்கள் தெருவுக்கு. காட்டில் நிற்கிற லட்சக்கணக்கான மரங்களுக்கு யார் போய் ஊசி போடுவது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற படிப்பு ஒன்று இருக்கிறது. வன மரபியல், மர உயிரித் தொழில்நுட்பம். இதில் முதுகலை செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஒரு பெண் வீட்டில் சொல்லிவிட்டாள். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதற்கு அப்புறம் அந்த வீட்டில் நடந்ததுதான்.

அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறுகளில் மாண்ட்ரியல் வந்து, இரண்டு ஷிப்ட் வேலை பார்த்து வீடு வாங்கி, பிள்ளைகளை வளர்த்தவர். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினார்.

“தம்பி, நீர் ஒருக்கா அவளோட கதைச்சுப் பாரும். மெக்கில்லில படிச்ச பிள்ளை, இப்ப கியூபெக் சிட்டிக்குப் போய் மரம் படிக்கப் போறாளாம். சனம் கேட்டா நான் என்னண்டு சொல்லுறது?”

நான் ஐடிக்காரன். அதனால் நான் பேசினால் அவள் மனம் மாறி டேட்டா சயின்ஸ் பக்கம் வந்துவிடுவாள் என்று நம்பிக் கூப்பிட்டிருக்கிறார். போனேன். மனம் மாறியது யாருக்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவள் படித்தது மெக்கில் பல்கலைக்கழகத்தின் மெக்டொனால்ட் வளாகத்தில். டோர்வலில் இருந்து மேற்கே வோத்ரய் ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வருகிற செயின்ட் ஆன் து பெல்வூ ஊரில் இருக்கிறது. பக்கத்திலேயே மார்கன் ஆர்போரெட்டம் என்று பெரிய மரக்காடு. நம் ஆட்கள் பலர் இலையுதிர் காலத்தில் போட்டோ எடுக்கப் போவார்கள். நானும் அதற்குத்தான் போயிருக்கிறேன். அவளோ நாலு வருடம் அந்தப் பக்கத்து மரங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகியிருக்கிறாள்.

“அங்கிள், அப்பாவுக்கு நான் கோடாலியோட காட்டுக்குள்ள நிக்கப் போறன் எண்டு நினைப்பு. நான் பாதி நாள் இருக்கப் போறது கம்ப்யூட்டருக்கு முன்னாலதான்.”

என்ன செய்வாய் என்று கேட்டேன். லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். அடுத்த ஒரு மணி நேரம் நான்தான் மாணவன்.

கியூபெக் காடுகளில் முக்கியமான மரம் ஸ்ப்ரூஸ். வீடு கட்டுகிற பலகை, காகிதம் எல்லாவற்றுக்கும் அதுதான். அதற்கும் ஒரு எதிரி உண்டு, மொட்டுப்புழு. முப்பது, நாற்பது வருடத்துக்கு ஒரு முறை பெருகி, லட்சக்கணக்கான ஹெக்டேரில் ஊசியிலைகளைத் தின்று தீர்க்கும். கியூபெக்கின் வடகரைப் பகுதியில் 2006 வாக்கில் ஒரு பெருக்கம் தொடங்கியது. ஆனால் சுற்றிலும் எல்லா மரமும் காய்ந்து நிற்க, நடுவில் ஒன்றிரண்டு மட்டும் பச்சையாக நிற்பதை லாவல் பல்கலைக்கழகத்தினர் முன்பே கவனித்திருந்தார்கள். அதே காற்று, அதே மண், அதே புழு. பிறகு ஏன்? தேடிப் போனதில், அந்த மரங்களின் ஊசியிலையில் புழுவுக்கு ஆகாத இரண்டு வேதிப்பொருள்கள் இருப்பது தெரிந்தது. அவற்றைப் பூட்டிய நிலையிலிருந்து விடுவிக்கிற என்சைமுக்கான ஜீனை 2015இல் அடையாளம் காட்டினார்கள். எல்லா மரத்திலும் அந்த ஜீன் இருக்கிறது; தாங்கி நிற்கிற மரத்தில் அது பல மடங்கு வேகமாக வேலை செய்கிறது. சாவி எல்லார் வீட்டிலும் இருக்கிறது, சிலர் மட்டும்தான் பூட்டைத் திறக்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

ஆஷ் மரத்திலும் இதே தேடல் நடக்கிறது. அமெரிக்க வனத்துறையின் ஓஹாயோ ஆய்வகத்தில், வண்டு தின்று முடித்த காடுகளுக்குள் போய், சாகாமல் நிற்கிற ஒன்றிரண்டு மரங்களைத் தேடிப் பிடித்து, கிளை வெட்டி ஒட்டுக் கட்டி, ஒன்றோடொன்று கலந்து விதை எடுக்கிறார்கள். 2020இல் லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அமெரிக்கர்களோடு சேர்ந்து 22 வகை ஆஷ் மரங்களின் ஜீனோமை ஒப்பிட்டு, வண்டைத் தாங்கும் சக்தியோடு தொடர்பு இருக்கலாம் என்று 53 ஜீன்களைப் பட்டியலிட்டார்கள். எங்கள் வாசல் மரத்தை ஊசி காப்பாற்றலாம். அதன் பேரப்பிள்ளைகளைக் காப்பாற்றப் போவது இந்தப் பட்டியலாக இருக்கலாம்.

ஆனால் மரத்தில் ஒரு சிக்கல் உண்டு. நெல்லில் புது ரகம் வேண்டும் என்றால் ஒரு வருடத்தில் இரண்டு, மூன்று தலைமுறை பார்த்துவிடலாம். ஸ்ப்ரூஸ் காய்க்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆகலாம். அது நன்றாக வளருமா, மரம் உறுதியாக இருக்குமா என்று நிலத்தில் வைத்துப் பார்க்க இன்னும் பல வருடம். ஒரு சுற்று முடிய கால் நூற்றாண்டு. ஒரு விஞ்ஞானி தன் வேலைக்காலம் முழுக்க உழைத்தாலும் இரண்டு தலைமுறை மரத்தைப் பார்ப்பதே பெரிசு.

இங்கேதான் எங்க ஐடி ஆட்களுக்குப் பரிச்சயமான விஷயம் வருகிறது. ஏற்கெனவே வளர்ந்து, அளந்து வைத்த ஆயிரக்கணக்கான மரங்களின் டிஎன்ஏவை எடுத்து, எந்த டிஎன்ஏ அமைப்புள்ள மரம் எப்படி வளர்ந்தது என்று மாடலுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அப்புறம் ஒன்றிரண்டு வயசுக் கன்றின் ஊசியிலையைக் கிள்ளி டிஎன்ஏ பார்த்தால், இருபது வருடம் கழித்து அது எப்படி இருக்கும் என்று மாடல் கணித்துச் சொல்லும். தேர்ந்தெடுத்த மரத்தின் விதைக் கருவிலிருந்து செல்களை வளர்த்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிடலாம். வேண்டும்போது எடுத்து ஆயிரக்கணக்கில் கன்றாக்கலாம். லாவல் பல்கலைக்கழகத்தில் வன ஜீனோமிக்ஸுக்கென்றே ஓர் ஆய்வு இருக்கையும், பக்கத்திலேயே கனடா வனத்துறையின் லாரன்ஷியன் ஆய்வு மையமும் இருக்கின்றன. இந்த வேலையில் உலகமே எட்டிப் பார்க்கிற இடம் அது. இவள் போகப் போவதும் அங்கேதான்.

வெள்ளை ஸ்ப்ரூஸின் ஜீனோமைக் கனடா ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். சுமார் 2,000 கோடி எழுத்துகள். மனிதனுக்கு 300 கோடிதான். நான் தினமும் மேய்க்கிற டேட்டாபேஸை நினைத்துப் பார்த்தேன். அதைப் பற்றி மேலும் பேசாமல் விட்டுவிட்டேன்.

இன்னொரு விஷயம், கியூபெக் தமிழர்கள் மட்டும் முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடியது. லாவலில் பிரெஞ்சில்தான் எல்லாம். 1977இல் வந்த 101ஆம் சட்டப்படி, குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். அதைச் சுமையாக நினைத்து டொராண்டோவுக்குப் பெட்டி கட்டிய குடும்பங்கள் எத்தனை! அண்ணையும் போக நினைத்து, வீட்டுக் கடனால் போகாமல் நின்றவர்தான். அந்தப் பள்ளியில் படித்ததால்தான் இன்றைக்கு அவர் மகளால் பிரெஞ்சில் தீசிஸ் எழுத முடியும். டொராண்டோவில் வளர்ந்த, அதே மார்க் வாங்கிய பெரும்பாலான பிள்ளைகளால் இது முடியாது. இதை நான் சொன்னபோது அண்ணை பதில் பேசவில்லை. ஆனால் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

பணம்? நம் வீடுகளில் உண்மையான கேள்வி அதுதானே. நேராகவே பேசுவோம். கனடாவில் தீசிஸ் எழுதுகிற முதுகலைக்கு, முதலில் ஒரு பேராசிரியரைப் பிடிக்க வேண்டும். அவருடைய ஆய்வுப் பணத்திலிருந்து மாணவருக்கு மாதாமாதம் ஸ்டைபெண்ட் வருவது இத்துறையில் வழக்கம். மத்திய அரசின் முதுகலை உதவித்தொகையை 2024 பட்ஜெட்டில் ஆண்டுக்கு 27,000 டாலராக உயர்த்தினார்கள். அதற்கு முன் பல வருடமாக 17,500தான். முனைவர் பட்டத்துக்கு 40,000. போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும், எல்லாருக்கும் கிடைக்காது. ஆனாலும் கடன் வாங்கிப் படிக்கிற படிப்பு இல்லை இது.

முடித்த பிறகு ஐடி சம்பளம் கிடைக்குமா? ஆரம்பத்தில் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். அரசு வேலைகள் எண்ணிக்கையில் குறைவு. சில வேலைகளுக்கு நாலு மணி நேரம் வடக்கே கார் ஓட்ட வேண்டும். இதை மறைத்து ‘கனவைத் துரத்து’ என்று பிள்ளைகளிடம் சொல்வது நியாயம் இல்லை. அதே நேரம், டிஎன்ஏ டேட்டாவை மேய்க்கத் தெரிந்தவர் மருத்துவம், விவசாயம் என்று பக்கத்து வீடுகளுக்கும் போகலாம். பத்து வருடம் முன்னால் ‘ஐடி எடு, வாழ்க்கை செட்டில்’ என்று சொன்னவர்கள், என் கம்பெனியில் லே ஆஃப் மெயில் வந்த காலையில் என்ன சொல்வார்கள் என்றும் யோசிக்கிறேன்.

இப்போது என் வெட்கத்தைச் சொல்ல வேண்டும். நான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தவன். ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் ரோடு வழியாக எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. அங்கே பெரிய பெரிய மரங்களுக்குள் ஒரு வளாகம். ‘பாரஸ்ட் காலேஜ்’ என்போம். உள்ளே 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது, பள்ளியில் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒரு யானை எலும்புக்கூட்டைத் தாண்டி எதுவும் நினைவில்லை. அதே வளாகத்தில் 1988 முதல் வன மரபியல், மரப் பெருக்க நிறுவனம் என்று மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் நடக்கிறது. டோர்வலில் இருபத்து சொச்சம் வயசுப் பெண் ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்! அவள் படித்த ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்று அங்கிருந்து வந்தது.

2018இல் தேக்கு மரத்தின் ஜீனோம் வரைவை வெளியிட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியது கோவை நிறுவனம். சுமார் 32 கோடி எழுத்துகள். எந்தத் தேக்கு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று அடையாளம் காண உதவும் குறியீடுகள் அதிலிருந்து கிடைத்தன. கள்ளத் தேக்கு விற்கிற நாட்டில் இதற்கு என்ன மதிப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

சவுக்கு இன்னும் நெருக்கமானது. கல்யாணப் பந்தல் கால், கான்கிரீட் சென்ட்ரிங்குக்கு முட்டு, புகளூர் காகித ஆலைக்குக் கட்டை எல்லாம் சவுக்குதான். ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியப் பக்கத்து மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று மெட்ராஸ் கடற்கரை மணலில் பரவலாக நட்டார்கள். வேர் முடிச்சில் வாழும் பிராங்கியா என்ற பாக்டீரியா, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் மணலிலும் பிழைக்கிறது. கோவை நிறுவனம் இரண்டு சவுக்கு இனங்களைக் கலந்து, வேகமாகவும் நேராகவும் வளரும் குளோன்களை விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கிறது. நாலைந்து வருடத்தில் வெட்டுகிற மரம் என்பதால், கியூபெக் விஞ்ஞானி கால் நூற்றாண்டு காத்திருக்கிற இடத்தில் கோவை விஞ்ஞானி சீக்கிரமே விடை பார்த்துவிடுகிறார். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது கடலூர் பக்கம் முந்திரி, பலாவோடு சவுக்குத் தோப்புகளும் படுத்த படுக்கையாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, காற்றைத் தாங்குகிற ரகம் என்பது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற தம்பி, தங்கைகளுக்கும் வழி உண்டு. மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரியில் இளங்கலை, முதுகலை எல்லாம் இருக்கிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்தைக் கோவையில் இருந்தபடியே செய்யலாம்.

வேம்புக்கு வருகிறேன். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை எல்லாவற்றையும் தின்றுவிட்டு வேம்பை மட்டும் விட்டுவிட்டுப் போனதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கவனித்தார். 1962இல் டெல்லியில் பிரதான் என்ற பூச்சியியல் அறிஞர் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்து, வெட்டுக்கிளி தொடவில்லை என்று காட்டினார். 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் அதன் சாரமான அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து முடிக்க கேம்பிரிட்ஜில் ஒரு குழுவுக்கு 22 வருடம் பிடித்தது, 2007இல்தான் முடிந்தது. வேப்ப மரம் இதையே ஒவ்வொரு கோடையிலும் சத்தமில்லாமல் செய்கிறது. நடுவில் வேப்ப எண்ணெயைப் பூஞ்சை மருந்தாக்கும் முறைக்கு ஐரோப்பாவில் ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அமெரிக்க வேளாண் துறையும் காப்புரிமை வாங்க, இந்தியாவிலிருந்து எதிர்ப்பு கிளம்பி, 2000இல் ரத்தாகி, 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. கோபப்பட்டோம், ஜெயித்தோம். சரி. வேம்பின் ஜீனோமை 2012இல் பெங்களூரு ஆய்வகம் ஒன்று வெளியிட்டபோது நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? காப்புரிமைச் சண்டை வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றுகிறது. ஜீனோம் சுற்றவில்லை.

இந்தத் துறையில் எல்லாம் வெற்றிக் கதை என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தை 1904இல் நியூயார்க்கில் தென்பட்ட ஒரு பூஞ்சை நோய் அழித்தது. போனது சில நூறு கோடி மரங்கள் என்கிறார்கள். கோதுமை ஜீன் ஒன்றைச் சேர்த்து, நோயைத் தாங்கும் செஸ்ட்நட்டை நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல வருடம் உழைத்து உருவாக்கினார்கள். 2023 டிசம்பரில், அந்த மரத்தை ஆதரித்து வந்த செஸ்ட்நட் அறக்கட்டளையே விலகிக்கொண்டது. ஒரு காரணம், சோதித்துக்கொண்டிருந்தது தாங்கள் நினைத்த வரிசையே இல்லை, வேறொரு வரிசை என்று தெரியவந்தது. பல வருடம் முன்னால் எங்கேயோ அடையாளம் மாறியிருக்கிறது. நாங்கள் இதை வெர்ஷன் கன்ட்ரோல் பிரச்சினை என்போம். ராத்திரியோடு ராத்திரியாக ரோல்பேக் பண்ணிவிடுவோம். மரத்தில் ரோல்பேக் கிடையாது.

இதையும் அவளிடம் கேட்டேன். பயமாக இல்லையா, பத்து வருடம் உழைத்து ஒன்றும் இல்லாமல் போனால்?

“ஒண்டும் இல்லாமப் போகாது அங்கிள். எந்த மரம் வேலை செய்யேல்ல எண்டு எழுதி வைப்பன். அடுத்த ஆள் அதை நடாது.”

திரும்பி வரும்போது அண்ணை வாசல் வரை வந்தார். பனி கொஞ்சம் விழுந்துகொண்டிருந்தது. நான் அவளை மாற்றிவிடுவேன் என்று எதிர்பார்த்தவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், எங்கள் தெரு மரத்துக்கு வேப்பங்கொட்டை ஊசி போட்ட கதையைச் சொன்னேன். “எங்கட வேம்போ?” என்று கேட்டார். ஊரில் அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு வேம்பு நின்றதாம். போருக்குப் பிறகு ஒரு முறை போய்ப் பார்த்தபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது, வேம்பு மட்டும் நின்றது என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் காரில் ஏறும்போது கண்ணாடியைத் தட்டினார்.

“தம்பி, கியூபெக் சிட்டியில ஒரு அறைக்கு மாசம் என்ன வாடகை வரும்?”